எட்டு இலக்கமும் ஏட்டின் முகவரியும்

"இதனை உமக்கு உரைத்தவர் யார்?" என்னும் வினாவை அறிவு மாளிகையின் தலைவாயிலில் காவலாக நிறுத்திய சமுதாயம் நம்முடையது. செய்தி எத்துணை இனிமை வாய்ந்ததாயினும், அதனைச் சொன்னவர் யார், அவர் எவரிடமிருந்து செவியுற்றார், அவ்விருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்தனரா, ஒருவரையொருவர் சந்தித்தனரா என்று கண்ணி கண்ணியாகத் தட்டிப் பார்த்த பின்னரே நம் இமாம்கள் அதனைக் கையில் எடுத்தனர். இஸ்னாத் என்னும் அந்தச் சங்கிலிதான் நபிமொழிக் கலைக்கு முதுகெலும்பாக நின்றது.

இன்றைய ஆய்வுக் கட்டுரையின் அடியில் பொடி எழுத்தில் அச்சாகும் மேற்கோள் குறிப்பை, அந்தச் சங்கிலியின் தொலைதூர உறவினன் என்றே நாம் கருதுகிறோம். ஆசிரியர் பெயர், கட்டுரைத் தலைப்பு, இதழின் பெயர், மலர், இதழ், ஆண்டு, பக்கம் என்று அது வரிசையாக உரைக்கிறது. படிப்பவர் பெரும்பாலும் அதனைத் தாண்டிச் சென்றுவிடுகிறார். ஆனால் ஐயம் எழும் வேளையில் அவர் பற்றிக்கொள்ள வேண்டிய கயிறு அதுவே. அந்தக் கயிற்றின் மறுமுனை எங்கே கட்டப்பட்டிருக்கிறது என்பதே இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். பெயர் ஒன்றாக இருந்துவிட்டால் ஆளும் ஒருவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஹதீஸ் அறிவிப்பாளர்களுள் ஒரே பெயரும் ஒரே தந்தை பெயரும் கொண்டோர் பலர் இருந்தனர். நம்பத்தக்கவரின் பெயரே நம்பத்தகாதவருக்கும் அமைந்துவிட்டால் விளைவு என்னவாகும்? ஹிஜ்ரி 463-இல் மறைந்த கதீப் அல்-பக்தாதீ (ரஹ்) அவர்கள் இந்த இடரைக் களைவதற்காகவே, ஒத்த பெயருடையோரைப் பிரித்துக் காட்டும் 'அல்-முத்தஃபிக் வல்-முஃப்தரிக்' என்னும் தனி நூலை யாத்தார்கள். பெயரை மட்டும் நம்பலாகாது என்னும் பாடத்தைத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நாம் கற்றிருக்கிறோம்.

மனிதருக்கு நேர்ந்த அந்த இடர் ஏடுகளுக்கும் நேர்ந்தது. நம் சமுதாயத்தார் நடத்திய இதழ்களின் பெயர்களைச் சற்றே எண்ணிப் பாருங்கள். பிறை, ஒளி, விளக்கு, சுடர், முரசு, நேசன் என்று ஒரு கைப்பிடிச் சொற்களே மீண்டும் மீண்டும் வருகின்றன. ஊரும் ஆண்டும் வேறாயினும் பெயர் ஒன்றாகவோ ஒன்றை ஒத்ததாகவோ அமைந்துவிடுகிறது. ஆங்கிலத்திலும் நிலைமை இதுவே. ஹைதராபாத்தில் 'இஸ்லாமிக் கல்ச்சர்', பாகிஸ்தானில் 'இஸ்லாமிக் ஸ்டடீஸ்', இலண்டனில் 'இஸ்லாமிக் குவார்ட்டர்லி' என்று வரும்போது, அவசரத்தில் எழுதும் கை ஒன்றின் பெயரை மற்றொன்றின் மேல் ஏற்றிவிடுவது எளிது.

எழுத்துக்கூட்டலின் தொல்லை இன்னும் பெரிது. முஸ்லிம் என்று ஒருவர் எழுதுவார். முஸ்லீம் என்று மற்றொருவர் நீட்டுவார். முசுலிம் என்று தனித்தமிழ் அன்பர் எழுதுவார். மூன்றையும் மூன்று சொற்களாகவே கணினி கொள்ளும். வெளிநாட்டு நூலகங்களில் தமிழ்ப் பெயர்களை ரோமன் எழுத்தில் பெயர்த்துப் பதியும் வழக்கம் உண்டு. 'முரசு' என்பதை நம் பிள்ளைகள் ஒலிக்கேற்ப 'எஸ்' என்னும் எழுத்திட்டுத் தேடுவர். அமெரிக்க நூலகங்கள் கையாளும் முறையிலோ அந்தச் சகரத்துக்கு 'சி' என்னும் எழுத்தே வரும். இதழ் அடுக்கில் இருக்கும். தேடுபவரும் வாயிலில் நிற்பார். எனினும் இருவரும் சந்திக்கமாட்டார்கள்.

நமக்கே இவ்வாறு ஓர் அனுபவம் நேர்ந்தது. கடற்கரைப் பட்டினம் ஒன்றின் மரக்கலத் தொழில் பற்றிய பழைய கட்டுரையை நாம் தேட நேர்ந்தது. அதனை மேற்கோள் காட்டிய நூலில் இதழின் பெயரும் ஆண்டும் மட்டுமே இருந்தன. மூன்று நூலகங்களுக்கு எழுதினோம். ஒரு நூலகம் அப்படியோர் இதழே இல்லை என்று மறுமொழி தந்தது. இரண்டாவது நூலகம் அதே பெயரில் வேறோர் ஊரிலிருந்து வந்த இதழின் பிரதியை எடுத்து வைத்தது. மூன்றாவது நூலகத்தில் நாம் தேடிய இதழ் இருக்கத்தான் செய்தது; ஆனால் பட்டியலில் வேறு எழுத்துக்கூட்டலில் உறங்கிக் கொண்டிருந்தது. அதனைக் கண்டெடுத்தது கருவியன்று. அங்கே பணிபுரிந்த முதியவர் ஒருவரின் நினைவாற்றல். இத்தகைய முதியவர் எல்லா நூலகங்களிலும் இருப்பதில்லை. இருப்பவரும் என்றும் இருக்கப் போவதில்லை.

பெயரால் விளையும் இந்தக் குழப்பத்துக்கு உலகம் கண்ட மருந்துதான் ஐ.எஸ்.எஸ்.என். எனப்படும் பன்னாட்டுத் தொடர் வெளியீட்டு எண். 1970-களின் தொடக்கத்தில் உருவான இம்முறை, 1975-இல் பன்னாட்டுத் தர நிறுவனத்தின் 3297 என்னும் எண்ணுள்ள தரமாக வெளிவந்தது. யுனெஸ்கோவும் பிரெஞ்சு அரசும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி இதன் தலைமை மையம் பாரிஸ் மாநகரில் இயங்குகிறது. இந்தியாவில் வெளியாகும் இதழ்களுக்கு இவ்வெண்ணை வழங்கும் தேசிய மையம் புது தில்லியில் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றத்தின் கீழ் உள்ளது.

எண்ணின் அமைப்பு எளியது. மொத்தம் எட்டு இடங்கள். நடுவில் ஒரு சிறு கோடு. முதல் ஏழும் அடையாள இலக்கங்கள். எட்டாவது ஒரு காவலாளி. 1927-இல் ஹைதராபாத்தில் தொடங்கப்பெற்று, திருக்குர்ஆனை ஆங்கிலத்தில் பெயர்த்த மர்மடியூக் பிக்தால் அவர்களை முதல் ஆசிரியராகக் கொண்டிருந்த 'இஸ்லாமிக் கல்ச்சர்' இதழின் எண் 0021-1834 என்பது. முதல் ஏழு இலக்கங்களையும் முறையே 8, 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் 51 வரும். அதற்கு அடுத்து வரும் பதினொன்றின் மடங்கு 55. இரண்டுக்கும் உள்ள வேற்றுமை 4. இறுதியில் நிற்பதும் அந்த 4 தானே! அச்சுக்கோப்பவர் கை தவறி, அருகருகே உள்ள 1-ஐயும் 8-ஐயும் இடம் மாற்றிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது கூட்டுத்தொகை 58 ஆகும். காவலாளி 8 ஆக இருந்திருக்க வேண்டும். பிழை உடனே பிடிபட்டுவிடும். காவலாளி பத்தாக வரும் இடத்தில் 'எக்ஸ்' என்னும் ரோமன் எழுத்தை இடுவர். ரோமன் எண் முறையில் அது பத்தைக் குறிப்பது.

இதில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இவ்வெண்முறை பிறப்பதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் முன்னரே, 1936-இல், பிக்தால் மறைந்துவிட்டார். எனினும் அவர் பதிப்பித்த 1927-ஆம் ஆண்டின் முதல் இதழையும் இன்று இந்த எட்டு இலக்கங்களே சுட்டுகின்றன. பின்னால் பிறந்த எண் முன்னால் பிறந்த ஏட்டைத் தழுவிக்கொள்கிறது. இக்குறிப்பு பின்னர் நமக்குத் தேவைப்படும்.

அச்சேட்டில் இவ்வெண் வெறும் எண்ணாகவே நிற்கும். இணையத்தில் வெளியாகும் மேற்கோள் குறிப்பிலோ அதற்கு உயிர் வந்துவிடுகிறது. எண்ணின் மேல் விரலை வைத்தால் ஒரு நூலகப் பட்டியல் திறக்கிறது. இந்த இதழ் எந்த ஊரில் எந்த நூலகத்தில் இருக்கிறது என்று சொல்கிறது. எழுத்துக்கூட்டல் என்னும் முள்வேலியை எண் ஒரே தாவாகத் தாண்டிவிடுகிறது. ஆங்கில விக்கிப்பீடியாவில் குறிப்புகளில் வரும் இதழ் எண்ணை அழுத்தினால் 'வேர்ல்டுகேட்' என்னும் பெரும்பட்டியலுக்குச் செல்கிறோம். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் 1967-இல் நிறுவப்பெற்ற நூலகக் கூட்டமைப்பு ஒன்று 1971-இல் தொடங்கி வளர்த்து, 2006-இல் பொதுமக்களுக்கும் திறந்துவிட்ட பட்டியல் அது. பாரிஸ் மையமும் தன் பதிவேட்டின் அடிப்படைச் செய்திகளை 2018 முதல் இணையத்தில் இலவசமாகக் காட்டி வருகிறது. இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட தொடர் வெளியீடுகளின் பதிவுகள் அங்கே உள்ளன.

பக்தாதில் ஹிஜ்ரி 377-இல் இப்னு நதீம் தம் 'ஃபிஹ்ரிஸ்த்' என்னும் பெரும்பட்டியலைத் தொகுத்தபோது, தாம் அறிந்த நூல்களையும் அவற்றை யாத்தோரையும் ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவர முயன்றார். நூல் வணிகக் குடும்பத்தில் பிறந்த அப்பெருமகனார் தனியொருவராகக் கண்ட கனவை இன்று ஆயிரக்கணக்கான நூலகங்கள் கூடி நிறைவேற்ற முயல்கின்றன. இது மகிழத்தக்கதே. ஆயினும் மகிழ்ச்சியோடு ஒரு வினாவையும் நாம் எழுப்பியாக வேண்டும்: எண்ணை அழுத்தினால் திறக்கும் அந்தப் பட்டியல் யாருடைய பட்டியல்?

மேலைநாட்டு நூலகங்கள் மிகுதியாகப் பங்குகொள்ளும் ஒரு பட்டியலில் சென்னையின் அடுக்குகள் முழுமையாகத் தெரிவதில்லை. 1962 முதல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் புது தில்லியில் அலுவலகம் அமைத்துத் தமிழ் உட்பட இந்திய மொழி வெளியீடுகளைத் திரட்டி அந்நாட்டு நூலகங்களுக்கு அனுப்பி வந்தது. அந்த நல்ல ஏற்பாட்டின் ஒரு விளைவைக் காணுங்கள்: திருச்சியில் அமர்ந்து ஒரு மாணவி தமிழ் இதழொன்றின் எண்ணை அழுத்துகிறாள், அது கடல் கடந்து சிக்காகோவில் இருப்பதாகத் திரை காட்டுகிறது. அதே இதழ் பேருந்தில் சென்று பார்க்கக்கூடிய தொலைவில் ஏதோவொரு தமிழக நூலகத்தில் இருக்கலாம். ஆனால் அந்நூலகத்தின் பட்டியலோடு இணைப்பு இல்லாமையால் அவளுக்கு அது இல்லாத பொருளாகிவிடுகிறது.

இதற்கு விடை இல்லாமல் இல்லை. அதே விக்கிப்பீடியாவில் நூல்களுக்குரிய ஐ.எஸ்.பி.என். எண்ணை அழுத்தினால் ஒரே பட்டியலுக்குப் போவதில்லை. பல நாட்டு நூலகங்களையும் நூல் அங்காடிகளையும் வரிசைப்படுத்திய ஒரு நாற்சந்திக்குச் செல்கிறோம். அங்கிருந்து நமக்கு அண்மையான வழியை நாமே தெரிந்துகொள்ளலாம். இதழ் எண்ணுக்கும் இத்தகைய நாற்சந்தி வேண்டும் என்பது நமது துணிவு. பல்கலைக்கழக உலகில் இதற்கு முன்மாதிரியும் உண்டு. அமெரிக்கத் தரமாக ஏற்கப்பெற்ற 'ஓப்பன்யூ.ஆர்.எல்.' என்னும் முறை, இதழ் எண், மலர், பக்கம் ஆகியவற்றைப் பெற்றுக்கொண்டு, கேட்பவர் எந்த நூலகத்தைச் சேர்ந்தவர் என்று நோக்கி, அவரவர் நூலகத்தின் பிரதிக்கே அவரவரை அனுப்புகிறது. 2012-இல் தொடங்கிய 'விக்கித்தரவு' என்னும் பொதுக் களஞ்சியத்திலும் ஓர் இதழின் பதிவில் அதன் எண்ணையும் பல நூலகங்கள் அதற்கிட்ட அடையாளங்களையும் ஒருங்கே சேர்த்து வைக்கலாம். இந்தியப் பல்கலைக்கழக நூலகங்களின் கூட்டுப் பட்டியலைக் காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் மையம் நடத்துகிறது. வழிகள் இருக்கின்றன; அவற்றை ஒன்றோடொன்று முடிச்சிடும் கைகளே தேவை.

முடிச்சிடுவோர் அறிய வேண்டிய நுட்பங்கள் சில உண்டு. ஒன்று, இதழின் பெயர் பெரிதும் மாறினால் எண்ணும் மாறும். பாதிரியார் ஸ்வேமர் 1911-இல் தொடங்கிய 'மொஸ்லெம் வேர்ல்டு' 1948-இல் 'முஸ்லிம் வேர்ல்டு' ஆயிற்று. பழைய பெயருக்கு ஓர் எண், புதிய பெயருக்கு ஓர் எண். 1930-ஆம் ஆண்டுக் கட்டுரைக்குப் புதிய எண்ணைப் போட்டால் வழி தவறும். இரண்டு, ஒரே இதழ் அச்சிலும் இணையத்திலும் வெளிவந்தால் இரண்டுக்கும் வெவ்வேறு எண்கள் உண்டு. இவ்விரண்டையும் ஒரு குடும்பமெனச் சேர்த்துக் காட்டும் இணைப்பெண் முறை 2007-இல் தரத்தில் சேர்க்கப்பட்டது. மூன்று, எண் இதழை மட்டுமே காட்டும், கட்டுரையைக் காட்டாது. ஆகவே மலரும் இதழும் பக்கமும் வழக்கம்போல் எழுதப்பட்டே ஆக வேண்டும். தெருவின் பெயர் தெரிந்துவிட்டது என்பதற்காக வீட்டின் கதவிலக்கத்தை விட்டுவிட முடியுமா?

இங்கே நம் இல்லங்களில் உயர்கல்வி பயிலும் பிள்ளைகளுக்கு ஓர் எச்சரிக்கையும் கூறக் கடமைப்பட்டுள்ளோம். ஐ.எஸ்.எஸ்.என். என்பது அடையாள எண்ணே அன்றி நற்சான்று அன்று. ஆய்வேடும் அதனைப் பெறலாம். அடுக்களைக் குறிப்பேடும் அதனைப் பெறலாம். இதழ்ப் பதிவுச் சட்டத்தின்படி அரசிடம் பெறும் பதிவெண் வேறு, இது வேறு. இவ்வெண்ணை அட்டையில் பெரிதாக அச்சிட்டு, 'பன்னாட்டு அங்கீகாரம்' என்று முழங்கி, கட்டுரைக்குப் பணம் பறிக்கும் போலி இதழ்கள் பெருகிவிட்டன. 2018-இல் பல்கலைக்கழக மானியக் குழு தன் பட்டியலிலிருந்து நாலாயிரத்துக்கும் மேற்பட்ட இதழ்களை நீக்கியதை நாடறியும். புகழ்பெற்ற இதழ் ஒன்றின் பெயரையும் எண்ணையும் திருடிப் போலிப் பக்கம் அமைப்போரும் உள்ளனர். எனவே எண்ணைக் கண்டதும் மயங்காமல், அதனைப் பாரிஸ் மையத்தின் பதிவேட்டில் இட்டுப் பாருங்கள். பதிவில் உள்ள பெயரும் நாடும் வெளியீட்டாளரும் நேரில் கூறப்படுவதோடு ஒத்துவருகின்றனவா என்று நோக்குங்கள். அறிவிப்பாளரை ஆராய்ந்த சமுதாயத்தின் வழித்தோன்றல்களுக்கு இது புதிய பாடம் அன்று.

இனி, நம் நெஞ்சை உறுத்தும் செய்திக்கு வருவோம். 1882-இல் இலங்கையில் அறிஞர் சித்திலெப்பை அவர்கள் 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கினார்கள். 1920-களில் பா. தாவூத்ஷா அவர்களின் 'தாருல் இஸ்லாம்' தமிழகத்தின் சிந்தனையைக் கிளறிவிட்டது. அவற்றுக்கு முன்னும் பின்னுமாக எத்தனையோ ஏடுகள் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் சென்னையிலும் சோழமண்டலக் கரையிலும் பிறந்து, சில திங்களோ சில ஆண்டுகளோ ஒளிவீசி மறைந்தன. அவற்றுள் மிகப் பல, இந்த எண்முறை பிறக்குமுன் கண்மூடியவை. எண் இல்லாமையால் மேற்கோளில் இணைப்பு இல்லை. இணைப்பு இல்லாமையால் இளம் ஆய்வாளர் அவற்றை நாடுவதில்லை. நாடாமையால், "தமிழ் முஸ்லிம்கள் இப்பொருள் பற்றி ஒன்றும் எழுதவில்லை" என்று ஒரு வாக்கியம் ஆய்வேடுகளில் எளிதாகப் புகுந்துவிடுகிறது. எழுதாமல் போனது ஒரு குறை. எழுதியும் எழுதாதவராக எண்ணப்படுவது அதனினும் பெரிய குறை அன்றோ?

மறைந்துபோன ஏட்டுக்கு எண் பெற முடியுமா என்று கேட்பீர்கள். பன்னாட்டுத் தரம் அதற்கு இடந்தருகிறது. இன்று வெளியாகும் இதழ்களுக்கு மட்டுமன்றி, முன்னர் வெளியாகி நின்றுபோனவற்றுக்கும் எண் வழங்கலாம் என்பதே அதன் விதி. பிக்தாலின் முதல் இதழைப் பின்னால் வந்த எண் தழுவிக்கொண்டதை மேலே கண்டோம். ஆனால் எண் வானிலிருந்து இறங்குவதில்லை. இந்தப் பெயரில் ஓர் இதழ் இந்த ஊரிலிருந்து இந்த ஆண்டில் வெளிவந்தது என்று காட்ட முதற்கண் ஒரு பிரதியாவது வேண்டும்.

அந்தப் பிரதி எங்கே இருக்கிறது? சென்னையில் 1994-இல் அமைந்த ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கோட்டையூரில் தனியொருவர் வாழ்நாளெல்லாம் சேர்த்த செல்வத்திலிருந்து பிறந்தது. ஈழத்து எழுத்துகளை இணையத்தில் ஏற்றிவரும் நூலகம் நிறுவனம் 2005-இல் தன்னார்வலர்களால் தொடங்கப்பெற்றது. இவை காட்டும் உண்மை ஒன்றே: பெரிய களஞ்சியங்கள் சிறிய வீடுகளிலிருந்துதான் நிரம்புகின்றன. நம் பாட்டனார் சந்தா கட்டி வாங்கி, ஆண்டுவாரியாகத் தைத்து, பரணில் வைத்துச் சென்ற கட்டுகள் இன்னும் சில இல்லங்களில் இருக்கலாம். வீடு வெள்ளையடிக்கும் நாளில் அவை பழைய காகிதக்காரரின் தராசில் ஏறிவிடக் கூடாது என்பதே நமது கவலை.

செய்ய வேண்டியவை மலையைப் பெயர்க்கும் வேலைகள் அல்ல. கையில் பழைய இதழ் உள்ளோர் அதன் பெயர், ஊர், ஆசிரியர், மலர், இதழ், ஆண்டு ஆகியவற்றை முகப்பில் உள்ளவாறே, எழுத்துக்கூட்டலைத் திருத்தாமல், ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஹிஜ்ரி ஆண்டு இருப்பின் அதனையும் எழுதுங்கள். கட்டுகளைப் பேணும் நூலகத்துக்குச் செய்தி அனுப்புங்கள். இன்று இதழ் நடத்துவோர் தமக்குரிய எண்ணைப் பெற்று ஒவ்வோர் இதழின் முகப்பிலும் அச்சிடுங்கள். இந்தியாவில் அதற்குக் கட்டணம் ஏதும் வாங்கப்படுவதில்லை. கட்டுரை எழுதுவோர் மேற்கோள் காட்டும்போது எண் உள்ள இதழுக்கு எண்ணையும், எண் இல்லாத இதழுக்கு அதனைப் பார்த்த நூலகத்தின் பெயரையும் குறியுங்கள். பின்னால் வருபவர் அந்தக் கயிற்றைப் பற்றி மேலேறட்டும்.

முன்னோர் நமக்கு விட்டுச்சென்ற அறிவு ஓர் அமானிதம். அமானிதத்தைக் காப்பது என்பது பெட்டியில் பூட்டி வைப்பது மட்டும் அன்று. உரியவர் வந்து கேட்கும் நாளில் இன்ன இடத்தில் இருக்கிறது என்று கை நீட்டிக் காட்டுவதும் அதனுள் அடங்கும். அந்தக் கையை இக்காலத்தில் எட்டு இலக்கங்களும் ஓர் இணைப்பும் நீட்டுகின்றன. அவற்றை நம் ஏடுகளுக்கும் உரியனவாக்கும் நல்வாய்ப்பை வல்ல அல்லாஹ் நமக்கு அருள்வானாக! ஆமீன்.